ஈருடலும் ஒரு தீர்மானமும்: நிரந்தரக் கருத்தடை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒழுக்கவியலைப் பயில்வோர் பெரும்பாலும் அரசு, போர், தண்டனை, கொடை முதலிய பெருவிடயங்களையே தம் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாகக் கொள்கின்றனர். வீட்டினுள்ளே கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலிற் பேசி முடிவு செய்யும் விடயங்கள் மெய்யியலாரின் கவனத்துக்கு வருதல் அரிது. வேண்டிய பிள்ளைகளைப் பெற்றுமுடித்த தம்பதியர், இனிக் கருத்தரிப்பு வேண்டாம் எனத் துணிந்த பின்னர், அதனை எம்முறையால், யாருடைய உடலில் நிறைவேற்றுவது என எடுக்கும் தீர்மானம் அத்தகையது. 'அது வைத்தியரிடம் கேட்கவேண்டிய விடயம்' என்று கூறி நாம் அதனை ஒதுக்கிவிடுகின்றோம். எம்முறை எத்துணை உறுதியானது, எதனால் என்ன தீங்கு நேரலாம், எது மீட்கத்தக்கது என்பனவற்றை வைத்தியர் கூறுவார். ஆயின் சத்திரசிகிச்சை மேசையில் இருவருள் யார் படுக்கவேண்டும் என்ற வினாவுக்கு மருத்துவ நூல்களில் விடை இல்லை. அவ்வினா நீதி பற்றியது. அது பெரும்பாலான வீடுகளிற் கேட்கப்படாமலே விடையளிக்கப்பட்டுவிடுகின்றது என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

முதலில் உண்மைகளைச் சுருக்கமாக நோக்குவோம். மருத்துவபீட நண்பர்கள் இச்சுருக்கத்தைப் பொறுத்தருள்க. ஆணுக்குச் செய்யப்படும் வாசெக்டமி என்னும் சத்திரசிகிச்சையில், விந்துகளைக் கொண்டுசெல்லும் அப்பாற்செலுத்தி என்ற இரு குழாய்களும் வெட்டி அடைக்கப்படுகின்றன. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து கால் மணி நேரத்திலோ அதனைச் சற்றுக் கடந்தோ செய்து முடிக்கலாம். அன்றே வீடு திரும்பலாம். 1974 இல் சீன வைத்தியர் லி சுன்சியாங் உருவாக்கிய முறையிற் கத்தியால் வெட்டுதலும் தேவையில்லை. ஒரு சிறு துளை போதும். பெண்ணுக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சையிலோ வயிற்றறையைத் திறந்து உட்சென்று பலோப்பியன் குழாய்களைக் கட்டவோ வெட்டவோ வேண்டும். மயக்கமருந்தும் உள்ளுறுப்புகளுக்குச் சேதம் நேருமோ என்ற ஐயமும் அதனோடு சேர்ந்து வருகின்றன. ஆயிரம் தம்பதியரை எடுத்துக்கொண்டால், முதலாண்டில் வாசெக்டமி தவறுவது ஒன்று அல்லது இரண்டு பேருக்கு. பெண்ணின் சத்திரசிகிச்சை தவறுவது ஏறத்தாழ ஐந்து பேருக்கு. மக்கள் 'லூப்' என வழங்கும் செப்புச் சாதனம் பத்தாண்டு வரை பயன் தரும். அது தவறுவது ஆறு முதல் எட்டுப் பேருக்கு. மேற்கையின் தோலின் கீழ்ப் பதிக்கப்படும் குச்சிகள் மூன்று அல்லது ஐந்தாண்டு வரை பயன் தருவன. அவை தவறுதல் மிக அரிது. எனவே உறுதி என்ற அளவுகோலால் மட்டும் இம்முறைகளுள் ஒன்றைத் தெரிதல் இயலாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே தரத்தின.

வாசெக்டமி ஆணின் உணர்ச்சியையோ, ஆற்றலையோ, உடல் வலிமையையோ குறைப்பதில்லை. ஓமோன் சுரப்பிலும் மாற்றமில்லை. சுக்கிலப்பாயத்தின் அளவுகூடப் புலப்படுமாறு குறைவதில்லை. ஆயினும் அது தீங்கே அற்றது எனக் கூறுதல் நேர்மையாகாது. குருதிக்கட்டும் கிருமித்தொற்றும் சிலருக்கு நேர்கின்றன; நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு நீடித்த வலி எஞ்சுகின்றது. மேலும், சத்திரசிகிச்சை முடிந்தவுடன் பயன் தொடங்கிவிடுவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேறு பாதுகாப்பைக் கையாண்டு, பின்னர் சுக்கிலப்பாயத்தைச் சோதித்து, விந்து இல்லை என உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். இச்சோதனை சிறு விடயமாகத் தோன்றினும், பின்னர் இதனிடம் நாம் மீளவேண்டியிருக்கும்.

எளிதும் செலவு குறைந்ததும் ஆபத்து குறைந்ததுமான முறையே பெருவழக்காக இருக்கவேண்டும் என எவரும் எதிர்பார்ப்பர். நடைமுறையோ நேர்மாறானது. ஐக்கிய நாடுகள் சபையின் 2019 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, உலகில் பெண்ணின் சத்திரசிகிச்சையைச் சார்ந்திருப்போர் 21 கோடி 90 இலட்சம். ஆணின் சத்திரசிகிச்சையைச் சார்ந்திருப்போர் 1 கோடி 60 இலட்சம். இந்தியாவின் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் தாம் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர்; கணவர் செய்துகொண்டதாகக் கூறியோர் 0.3 பேரே. எமது நாட்டில் 1987 இல், வடக்கும் கிழக்கும் நீங்கலாக நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே ஏறத்தாழ 25 ஆகவும் 5 ஆகவும் இருந்தன. 2016 ஆம் ஆண்டின் ஆய்வை நோக்குமிடத்து ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்துவிட்டது. கல்வி பெருகியது, வைத்திய வசதி பெருகியது, ஆண் முன்வருதல் மட்டும் அருகியது. அறியாமையே காரணம் என்ற வழக்கமான விளக்கம் இங்கு எடுபடுவதில்லை.

இந்நிலை என்றும் இருந்ததன்று. இந்தியாவில் 1970களின் நடுப்பகுதி வரை ஆணின் சத்திரசிகிச்சையே முதன்மை பெற்றிருந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், 1971 யூலை மாதத்தில் நடைபெற்ற முகாமில் மட்டும் 63,418 ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்டனர். பணமும் பொருளும் வழங்கப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. பின்னர் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 82 இலட்சம் பேருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுள் நாலில் மூன்று பங்கினர் ஆண்கள். வேலை, சம்பளம், குடியிருப்பு ஆகியவற்றைப் பணயமாக வைத்து மக்கள் இழுத்துச் செல்லப்பட்டனர். 1977 மார்ச்சிற் பொதுத்தேர்தல் வந்தபோது ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் இந்திய அரசுகள் வற்புறுத்தல் தவறு என்ற பாடத்தைக் கற்றன என்று கூற முடியுமா? ஆண்களை வற்புறுத்தினால் வாக்குகள் போகும் என்ற பாடத்தையே கற்றன என்பது எமது கருத்து. இலக்குகளும் முகாம்களும் தொடர்ந்தன. மேசையிற் படுத்தவர் மட்டும் மாறினர். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே வைத்தியர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த முகாமைத் தொடர்ந்து பதின்மூன்று பேரளவில் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுள் நிறுத்துமாறு 2016 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது.

எமது நாட்டின் வரலாறு இத்துணைக் கொடியதன்று; ஆயின் மாசற்றதுமன்று. 1953 இல் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றியது. 1965 இல் அரசு அதனைத் தாய் சேய் நலப் பணியோடு இணைத்தது. 1980 இற் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு 100 ரூபாவும் பின்னர் 500 ரூபாவும் கொடுக்கப்பட்டன. நாட்கூலியில் வாழ்ந்தவருக்கு 500 ரூபா பல நாள் உழைப்பின் பெறுமதி. மலையகத் தோட்டங்களில் நிரந்தர முறை ஏனைய பகுதிகளிலும் பார்க்க நெடுங்காலமாக அதிகமாக இருந்துவருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. வறுமையில் எடுக்கப்படும் தீர்மானம் தீர்மானமே அன்று எனக் கூறுதல் வறியவரை அவமதிப்பதாகும். எனினும், அடுத்த மாத அரிசிக்காக நிரந்தரமான ஒன்றை ஒருவர் விற்கும்போது, விற்றவரைப் பற்றியன்றி வாங்கியவரைப் பற்றியே ஒழுக்கவியல் வினா எழுப்பவேண்டும்.

இனி அரசை விடுத்து வீட்டிற்குட் செல்வோம். தன் உடலின்மீதும் உள்ளத்தின்மீதும் தனிமனிதனே இறைமை உடையவன் என்ற கருத்தை யோன் ஸ்ருவட் மில் 1859 இல் தமது சுதந்திரம் பற்றிய நூலில் நிலைநாட்டினார். இதனை ஏற்போமாயின், கணவனின் உடலில் நிகழ்வதைக் கணவனும், மனைவியின் உடலில் நிகழ்வதை மனைவியுமே தீர்மானிக்கவேண்டும். மற்றவருக்கு இதிற் சொல்லே இல்லையா?

1954 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த பிறேவரி எதிர் பிறேவரி என்னும் வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு குழந்தை பிறந்த பின், 1938 இற் கணவர் வாசெக்டமி செய்துகொண்டார். பல்லாண்டுகளின் பின்னர் மனைவி, அது தன் சம்மதமின்றிச் செய்யப்பட்ட கொடுமை எனக் கூறி மணவிலக்குக் கோரினார். மனைவிக்கு அது தெரிந்திருந்தது, அவர் அதற்கு உடன்பட்டே வாழ்ந்தார் எனக் கண்டு நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய டெனிங் பிரபு, தக்க காரணமின்றிப் பொறுப்பை ஏற்காது இன்பம் மட்டும் துய்ப்பதற்காகச் செய்யப்படும் இச்சத்திரசிகிச்சை, செய்துகொள்பவர் இசைந்தாலும் பொதுநலனுக்குக் கேடானது என்றார். ஏனைய நீதியரசர் இருவரும் அக்கருத்திலிருந்து விலகிக்கொண்டனர். டெனிங்கின் கருத்து இன்று பழங்கதை. ஆயின் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு நுண்மை உண்டு: மருத்துவக் காரணமின்றி, மனைவி உடன்படாதபோது கணவன் இதனைச் செய்துகொள்ளுதல் அவளுக்கு இழைக்கும் பெருங்குற்றம் என்பதை அது ஏற்றது. உடல் அவனுடையது, ஆயின் அதனால் மூடப்படும் எதிர்காலம் இருவருடையது. எனவே மற்றவருக்குத் தடுக்கும் உரிமை இல்லாவிடினும், அறியும் உரிமையும் பேசும் உரிமையும் உண்டு என்று நாம் கொள்ளலாம். இக்கொள்கை மனைவியின் உடலுக்கும் ஒப்பப் பொருந்தும். எமது வீடுகளில் மனைவிக்குச் சம்மதம் கேட்கப்படுவதும் கணவனுக்கு அறிவித்தல் மட்டும் கேட்கப்படுவதுமான வேறுபாட்டுக்கு இக்கொள்கையில் இடமில்லை.

இறைமைக் கொள்கை யாரையும் வற்புறுத்தலாகாது என்பதை மட்டுமே கூறுகின்றது; யார் முன்வரவேண்டும் என்பதைக் கூறுவதில்லை. மனைவி கணவனிடம் 'நீங்கள் செய்துகொள்ளுங்கள்' என உரிமையாகக் கோர முடியாது என்பதால், அதனைப் பற்றிச் சிந்திக்கும் கடமை கணவனுக்கு இல்லை என்றாகிவிடாது. வற்புறுத்திப் பெறமுடியாத கடமைகள் பல உண்டு. நன்றியும் மன்னிப்பும் அத்தகையன.

அக்கடமையை எவ்வாறு அளப்பது? மருத்துவ ஒழுக்கம் ஓர் உடலை மட்டுமே கணக்கில் எடுக்கப் பழகியது. இவ்வுடலுக்கு வரும் தீங்கைக் காட்டிலும் இவ்வுடலுக்கு வரும் நன்மை பெரிதா என்பதே அதன் வினா. பெண்ணின் கருத்தடைக்கு இக்கணக்குப் பொருந்தும்; கருத்தரிப்பும் பிரசவமும் தரும் ஆபத்து அவளுக்கே உரியது. ஆணுக்கோ கருத்தரிப்பால் உடலுக்கு ஆபத்து எதுவுமில்லை. எனவே எச்சிறு தீங்கும் அவன் கணக்கில் நட்டமாகவே பதிவாகும். ஆணுக்கான ஓமோன் ஊசி பற்றி, உலக சுகாதார நிறுவனமும் பங்குபற்ற 320 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் கதை இதனை விளக்கும். ஊசி நன்றாகப் பயன் தந்தது. ஆயின் மனச்சோர்வு, பரு, வலி முதலிய பக்கவிளைவுகளைக் கண்டு 2011 இல் ஊசி ஏற்றுதல் நிறுத்தப்பட்டது. 2016 இல் முடிவுகள் வெளியானபோது, பங்குபற்றியோருள் நாலில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் அம்முறையைத் தொடர்ந்து பயன்படுத்த விருப்பம் தெரிவித்திருந்தமை தெரியவந்தது. 1956 இற் புவேட்டோ றிக்கோத் தீவில் முதற் கருத்தடை மாத்திரைகளைப் பரிசோதித்தபோது, பெண்கள் கூறிய தலைச்சுற்றும் குமட்டலும் பெரிதாக எடுக்கப்படவில்லை. அறிவியலாளர் அனைவரும் பெண்களை வெறுத்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் மிகை. இவ்விரு வேளைகளிலும் கணக்கு ஓர் உடலோடு நின்றுவிட்டது; தம்பதியர் ஓர் உடல் அல்லர்.

யோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில் ஒரு கற்பனையை முன்வைத்தார். சமுதாயத்தில் தமக்கு எவ்விடம் கிடைக்கும் என்பதை அறியாதவர்களாக மனிதர் கூடி விதிகளை வகுப்பரேல், அவ்விதிகள் நீதியானவையாக இருக்கும் என்பது அவர் கருத்து. இதனை ஒரு படுக்கையறை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். தாம் கணவனாவரோ மனைவியாவரோ என அறியாத இருவர், இருவர்க்கும் பொதுவான பயனொன்றை இருவருள் ஒருவருடைய உடலால் பெறவேண்டியிருந்தால், எச்சத்திரசிகிச்சையைத் தெரிவர்? வயிற்றைத் திறப்பதிலும் தோலிற் சிறு துளை இடுவதையே தெரிவர் என்பதில் ஐயமில்லை. அத்தோடு, இதுவரை சுமந்த சுமைகளையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பர். கருவைச் சுமந்தவள், பெற்றவள், பாலூட்டியவள், இடையில் மாத்திரையும் ஊசியும் ஏற்றவள் யாவள் என்பது தெரிந்ததே. இவ்வகையில் நோக்கின், முதலில் முன்வரவேண்டியவன் கணவனே. அவன் மறுக்கலாம், ஆயின் மறுப்புக்குக் காரணம் காட்டவேண்டிய பொறுப்பு அவனுடையது. இன்றோ அப்பொறுப்பு மனைவியின் தலையில் இருக்கின்றது.

ஆண்கள் காட்டும் காரணங்கள் யாவை? ஆண்மை குன்றும், பாரம் தூக்க இயலாது, உடல் தளரும் என்பன உண்மை அறிந்தால் நீங்குவன. அவற்றை விரிக்க வேண்டியதில்லை. இதற்கு எமது மொழியும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. இச்சத்திரசிகிச்சையை 'மலடாக்கல்' என அரச படிவங்களில் மொழிபெயர்த்தவர் யாவரோ அறியோம். பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் ஒருவரைப் பார்த்து இனி நீர் மலடர் என்று கூறும் சொல் அது. 'மலடி' என்ற வசையைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். ஆண்களோ அதனைக் கேட்டுப் பழகாதவர்கள்.

இவற்றிலும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதனை ஆண்கள் வெளிப்படையாகக் கூறுவதில்லை. 'நாளைக்கு ஏதாவது நடந்தால்' என்ற அரைகுறைத் தொடரில் அது ஒளிந்திருக்கின்றது. மனைவி இறந்தால், அல்லது பிரிந்தால், தான் மறுமணம் செய்து மீண்டும் பிள்ளைகளைப் பெறலாம் என்ற கதவைத் திறந்துவைக்க அவன் விரும்புகின்றான். மனைவியின் சத்திரசிகிச்சை அவளுடைய அத்தகைய கதவை மூடுகின்றது. அவனுடையது திறந்தே இருக்கின்றது. விதவையும் மணவிலக்குப் பெற்றவளும் மறுமணம் செய்வதை விரும்பாத சமுதாயத்தில் அவளுக்குக் கதவே இல்லை எனக் கொள்ளப்படுவதால், அதனை மூடுவது இழப்பாகவும் எண்ணப்படுவதில்லை. கணவன் தன்னிடம் பேணுவது, தன் மனைவி இல்லாத ஓர் எதிர்காலத்தையே. இதனை அவளிடம் நேரிற் கூற அவன் நாணுகின்றான். அந்நாணம் அவனுக்குள்ளே இருக்கும் நீதியுணர்வின் அடையாளம் என்று எண்ண இடமுண்டு.

ஆயினும் 'ஏதாவது நடந்தால்' என்ற அச்சத்தை நகைத்து ஒதுக்குதல் எம்மவர்க்கு இயலாது. 2004 திசெம்பர் 26 இன் கடற்கோள் நாகப்பட்டினக் கரையிற் பல வீடுகளிற் பிள்ளைகள் அனைவரையும் வாரிச்சென்றது. சத்திரசிகிச்சை செய்திருந்த தாய்மார் மீண்டும் குழாய்களை இணைக்குமாறு வைத்தியசாலைகளுக்கு வந்தனர். தமிழ்நாட்டு அரசு அதனை இலவசமாகச் செய்துதர முன்வந்தது. மூடிய உடல்கள் அவர்களுடையனவாக இருந்தமையால், இரண்டாம் முறையும் மேசையிற் படுத்தவர்கள் அவர்களே. வாசெக்டமியையும் மீளிணைக்கலாம், ஆயின் காலம் செல்லச் செல்லப் பயன் குறையும். 1991 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், மூன்றாண்டுகளுக்குள் மீளிணைத்தோருள் நூற்றுக்கு 76 தம்பதியர் கருத்தரித்தனர். பதினைந்தாண்டுகளோ அதற்கு மேலோ கழித்து இணைத்தோருள் 30 தம்பதியரே. எனவே எந்நிரந்தர முறையையும் மீளப்பெறலாம் என்ற எண்ணத்தோடு ஏற்றல் ஆகாது.

இதுவரை கூறியவற்றால், நீதியறிந்த கணவன் முன்வந்தால் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றலாம். தீரவில்லை. மனைவியே அதனை மறுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவளது மறுப்பு அறியாமையும் அன்று, அடிமைத்தனமும் அன்று. 1930களில் இப்பொருளைப் பற்றி இந்தியாவில் எழுந்த இரு குரல்களை ஒப்பிடுவோம். காந்தியடிகள் செயற்கைக் கருத்தடையை எதிர்த்தவர். கட்டாயச் சத்திரசிகிச்சையை மனிதத்தன்மையற்றது என்றவர். எனினும் ஆண் தானே விரும்பிச் செய்துகொள்வதில் தமக்கு மறுப்பில்லை என்றார். நெருங்கி வற்புறுத்துபவன் அவனே என்பது அவர் காட்டிய காரணம். பெரியார் ஈ. வே. ரா. அவர்களோ, பிறர் உடல்நலத்துக்காகவும் வறுமை நீங்குவதற்காகவும் கருத்தடையை வேண்டத் தாம் பெண்ணின் விடுதலைக்காக அதனை வேண்டுவதாக எழுதினார். முன்னவர் பொறுப்பை நோக்கி ஆணின் உடலைச் சுட்டினார். பின்னவர் விடுதலையை நோக்கிப் பெண்ணின் கையைச் சுட்டினார். இருவரும் கண்டவை உண்மைகளே. ஆயின் அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சுமையை ஏற்பவரிடமே ஆளுகையும் செல்கின்றது. கணவன் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் மனைவிக்குச் சுமை நீங்குகின்றது. கூடவே, தான் கருத்தரிக்கமாட்டாள் என்ற உறுதி அவளுடைய கையிலிருந்து அவன் சொல்லுக்கு மாறிவிடுகின்றது. அவன் சோதனைக்குப் போனானா, போய் வந்த பின் கூறியது மெய்யா என்பதை அவள் நம்பவேண்டும். தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றிக் கருக்கலைப்பை அனுமதியாத 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறையிலுள்ள எமது நாட்டில், அந்நம்பிக்கை பொய்த்தால் அதன் விளைவு அவளது உடலிலேயே வந்து சேரும்.

அதனினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. கணவன் சத்திரசிகிச்சை செய்திருக்க மனைவி கருத்தரித்தாளாயின், முறை தவறியது என்று எவரும் எண்ணார். அவள் தவறினாள் என்றே எண்ணுவர். ஆயிரத்தில் ஒன்று என்ற எண் புள்ளிவிபரவியலில் மிகச் சிறியது. அவ்வொருத்தியாகும் பெண்ணுக்கு அது முழு உலகம். மூன்று மாதப் பொறுப்பையும் சோதனையையும் கணவன் அசட்டை செய்திருந்தாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் அவளே. வெளிநாட்டில் உழைக்கும் கணவனைக் கொண்ட வீடுகளில் இவ்வச்சம் இன்னும் கூர்மையானது. 'வேண்டாம், நானே செய்துகொள்கிறேன்' என அவள் கூறுவதைத் தியாகம் எனப் போற்றுவோர் உண்டு. அது பலவேளை தியாகமன்று, தற்காப்பு. ஆதலின் சுக்கிலப்பாயச் சோதனையும், அதன் முடிவை இருவரும் ஒருங்கிருந்து வைத்தியரிடம் கேட்டறிதலும் மருத்துவ நடைமுறை மட்டுமல்ல. கணவன் மனைவிக்குச் செய்யவேண்டிய கடமையின் இரண்டாம் பாதி அவை. முதற் பாதியைச் செய்து இரண்டாம் பாதியை விட்டவன், அவள் சுமையை இறக்கி வேறொரு சுமையை ஏற்றிவிட்டவனாவான்.

வேறு சந்தர்ப்பங்களிற் கணக்கே மாறும். சிசேரியன் சத்திரசிகிச்சையில் வயிறு ஏற்கெனவே திறந்திருக்கும்போது குழாய்களைக் கட்டுதல் சிறு மேலதிக வேலையே. அப்போது அவளுடைய உடலைத் தெரிதல் நியாயமாகலாம். ஆயின் அச்சம்மதம் பிரசவ வேதனையிற் பெறப்படாது, மாதங்களுக்கு முன்னரே அமைதியாகப் பேசிப் பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

லூப்பும் குச்சியும் நடுவழி போலத் தோன்றுவன. மனம் முழுதும் துணியாத தம்பதியர்க்கு அவை உண்மையிலேயே நல்வழி. கதவு மூடப்படுகின்றது, பூட்டப்படுவதில்லை. ஆயின் இந்நடுவழி முழுவதும் பெண்ணின் உடலினூடாகவே செல்கின்றது. செப்பு லூப்பிற் குருதிப்போக்கு மிகலாம். குச்சியில் அது ஒழுங்கற்றுப் போகலாம். வைத்தியர் இதனை 'ஆபத்தற்ற பக்கவிளைவு' என்பார். தீட்டுப் பார்க்கும் வீட்டில் மாதத்திற் பல நாள் கோயிலுக்கும் பூசையறைக்கும் விலக்கப்படும் பெண்ணுக்கு அது எத்தகையது என்பதை அச்சொல் அறியாது. தீட்டு மூடநம்பிக்கை எனக் கூறிவிடலாம். அவள் மாமியாரோடு வாழ்வது அக்கூற்றால் மாறிவிடாது. மேலும், ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிக முறை, 'அவர் யோசிப்பதாகச் சொன்னார்' என்ற நிலையிலேயே தீர்மானத்தைப் பதினைந்தாண்டு ஒத்திவைக்க வல்லது.

சமயங்களின் நிலையையும் தொட்டுச் செல்லவேண்டும். 1968 இற் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் சுற்றுமடல், ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும், நிரந்தரமாயினும் தற்காலிகமாயினும், கருவளத்தை நேரடியாக நீக்குதலை விலக்கியது. இஸ்லாமிய அறிஞருட் பெரும்பாலோர் மீளத்தக்க முறைகளை அனுமதித்து, தக்க காரணமற்ற நிரந்தர முறையை விலக்குவர். சைவத்தில் இதுபற்றி இத்தகைய திட்டவட்டமான விதி இல்லை. மகப்பேறு பற்றிய பெருமதிப்பு உண்டு. இவ்விலக்குகளை ஏற்று வாழும் தம்பதியரை அறியாதார் எனல் தகாது. ஆயின் கத்தோலிக்க விலக்கு இருபாலார்க்கும் பொதுவானது. கணவன் தன் உடலுக்கு மட்டும் சமயத்தை நினைவுகூர்ந்து, மனைவி லூப் இடுவதைக் கண்டும் காணாதிருப்பானாயின், அவன் கைக்கொள்வது சமயமன்று.

எமது நாட்டில் இத்தீர்மானத்துள் நுழையும் மூன்றாமவர் ஒருவரும் உளர்: இனத்தின் எண்ணிக்கையைக் கணக்கிடுவோர். 2013 ஓகஸ்ற்றிற் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், உரிய விளக்கமும் சம்மதமுமின்றிப் பெண்களுக்குக் கருத்தடைக் குச்சிகள் பதிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2019 இற் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற கதை பரப்பப்பட்டு அவர் கைதானார். பின்னர் அவர் பணிக்கு மீண்டார். முதலாவதில் அச்சம் எமது. இரண்டாவதில் அச்சம் பிறரது. இரண்டிலும் பெண்ணின் கருப்பை இனத்தின் சொத்தாகவே எண்ணப்பட்டது. போரில் இழந்தவற்றை ஈடுசெய்ய அதிகம் பெறுங்கள் என மேடையிற் கூறுவோர், அப்பிள்ளைகளின் பள்ளிச்செலவுக்கு வழி கூறுவதில்லை. வற்புறுத்திக் குச்சி பதிப்பதும் வற்புறுத்திப் பெறச்சொல்வதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

இறுதியாக நடைமுறை பற்றி ஒன்று. 1965 இற் குடும்பத்திட்டத்தைத் தாய் சேய் நலத்தோடு இணைத்தமை பெருநன்மை பயந்தது. எமது தாய்மரண வீதம் தாழ்ந்தமைக்கு அப்பணியும் ஒரு காரணம். ஆயின் அதனால் இத்தீர்மானம் பேசப்படும் இடம் தாய்மாரின் கிளினிக்காக நிலைத்துவிட்டது. குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வரும் வேளையிற் கணவன் வேலையில் இருப்பான். கிளினிக்குக்கு மனைவியை ஏற்றிவந்தால் மதிலுக்கு வெளியே மோட்டார்சைக்கிளோடு நிற்பான். உள்ளே மனைவியிடம் முறைகள் விளக்கப்படும். வாசெக்டமி பற்றியும் ஒரு வரி சொல்லப்படும். கணவனின் உடலைப் பற்றிய வினாவை மனைவியே வீட்டுக்குச் சுமந்து சென்று, விடையையும் சுமந்து வரவேண்டும். அடுத்த முறை அவள் 'அவருக்கு விருப்பமில்லையாம்' என்கிறாள். மருத்துவமாது தலையசைத்துவிட்டு, ஊசியா குச்சியா என்று கேட்கிறார். அவர் மதிலுக்கு வெளியே சென்று அழைத்தால் கணவன் உள்ளே வருவானா என்பது தெரியாது; அழைக்கப்பட்ட இடங்கள் மிகச் சில.